எலியேசருக்கு வாசித்த தீர்ப்பு

ஞானாதிக்கம் ஐயர் விசுவாசத்தைக் கைக்கு ஒப்பிட்டுப் பேசியபோது சுகிர்தம் டீச்சர் அவருடைய கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மேசைமேல் மல்லாத்தி விரித்து வைத்திருந்தார். வயதான கை, ஆனால் நடுக்கம் இல்லை. தேவன் கொடுக்கிறார், மனுஷன் வாங்கிக்கொள்கிறான், வாங்குகிற கைக்குத்தான் விசுவாசம் என்று பெயர், கை நீட்டாதவன் நீதிமான் ஆகிவிட்டான் என்று எந்தப் போதகனும் எந்தக் கல்லறையிலும் சொல்லக்கூடாது என்றார். வேதசாஸ்திரக் கல்லூரியில் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர், இந்த விசாரணைக்காகவே திருச்சியிலிருந்து காரில் வந்திருந்தார், போதகர்களை ஐயர் என்று கூப்பிடுகிற அந்தச் சபையில் அவரைப் பெரிய ஐயர் என்று எல்லாரும் சொன்னார்கள். அவருக்கு எதிரே இன்பசீலன் ஐயர். புதுத்துறை சபைக்கு மாற்றலாகி வந்து அதிக நாள் ஆகாத இளம் போதகர், இன்னும் ஊரில் பாதிப்பேர் வீட்டு வாசல் அவருக்குத் தெரியாது. குற்றம் சாட்டப்பட்டவர் அவர்தான். குற்றம் சாட்டினவர் சபை மூப்பர் வேதமாணிக்கம், ஜன்னல் ஓரத்தில் துண்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குற்றம் நடந்த இடம் கல்லறைத் தோட்டம். அது நடந்தபோது பெட்டிக்குள் கிடந்தவர் சுகிர்தத்தின் புருஷன் எலியேசர். அதனால் அவளையும் வரவழைத்து சுவரோரப் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். கேட்கும்போது சொன்னால் போதும் டீச்சர், அதுவரைக்கும் சும்மா இருங்கள் என்று வேதமாணிக்கம் சொல்லியிருந்தார். சும்மா இருப்பது அவளுக்குப் பழகின வேலை. கடல் காற்றில் துருப்பிடித்த ஜன்னல் கம்பி வழியாகக் கருவாட்டு வாசனை வந்தது. கோயில் கூட்ட அறைச் சுவரில் தாடி வைத்த வெள்ளைக்கார மிஷனெரிகள் சாயம் போய் வரிசையாகத் தொங்கினார்கள். இவர்களுடைய முன்னோர்களும் இதற்காகச் சண்டை போட்டவர்கள்தானாம். இந்தச் சபைகளைத் தொடங்கின லுத்தர் கண்ணை மூடின சூட்டோடு சீஷர்களுக்குள் இதே வழக்கு கிளம்பிவிட்டது என்று பெரிய ஐயர் காலையில் ஆரம்பிக்கும்போதே சொன்னார். ஒருத்தர் நற்கிரியை இல்லாமல் இரட்சிப்பு இல்லை என்றாராம், இன்னொருத்தர் நற்கிரியை இரட்சிப்புக்குக் கேடு என்றாராம். கேடு என்றவரும் ஒரு போதகர்தானாம். சுகிர்தத்துக்குச் சிரிப்பு வந்து முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். அவள் பெயருக்கு அர்த்தமே நற்கிரியை, நல்ல செயல். அப்பா யோசித்து வைத்த பெயர்.

அடக்கம் நடந்த அன்றைக்கும் இதே கருவாட்டு வாசனைதான். மழை விட்டு மண் இளகிக் கிடந்தது, குழி வெட்டினவர்கள் பக்கத்தில் பலகை போட்டிருந்தார்கள், அவள் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். புருஷனைப் புதைக்கிற நேரத்தில் செருப்பைப் பற்றி யோசிக்கிறோமே என்று தோன்றியது, ஆனாலும் யோசனை செருப்பை விட்டு நகரவில்லை. அப்போது இன்பசீலன் ஐயர் பிரசங்கத்தில் அந்த வார்த்தையைச் சொன்னார். எலியேசர் அண்ணன் பல வருஷமாகக் கோயிலுக்கு வரவில்லை, அது உங்கள் எல்லாருக்கும் தெரியும், ஆனால் அவருக்கான தீர்ப்பு அவர் வந்த பிறகுதான் எழுதவேண்டும் என்று இல்லை, இயேசுவின் கல்லறை திறந்த அந்தக் காலையிலேயே உலகம் முழுவதற்கும் விடுதலை என்று வாசித்தாகிவிட்டது, அவர் பெயரையும் சேர்த்துத்தான் வாசித்தார்கள் என்றார். கூட்டத்துக்குள் ஒரு சலசலப்பு. வேதமாணிக்கம் பக்கத்தில் நின்றவரைத் திரும்பிப் பார்த்தார். எதிர்வீட்டு லில்லி அவள் கையை அழுத்தி, ஐயர் எவ்வளவு ஆறுதலாகச் சொல்கிறார் பார் அக்கா என்று காதோடு சொன்னாள். சுகிர்தத்துக்கு ஆறுதலாக இல்லை. புளிச்ச ஏப்பம் மாதிரி ஒன்று நெஞ்சுக்குள் எழும்பி வந்தது. விடுதலையா? யாரைக் கேட்டு? வீட்டுக்காரி நான் ஒருத்தி இங்கே நிற்கிறேன், என்னை ஒரு வார்த்தை கேட்டார்களா? அந்த எண்ணம் வந்ததும் பயந்துபோய் மண் அள்ளிப் போடக் குனிந்தாள். மண் கையில் ஒட்டிக்கொண்டு விழவே மாட்டேன் என்றது. உதறி உதறிப் போடவேண்டியிருந்தது, பார்த்தவர்கள் துக்கத்தில் கை நடுங்குகிறது என்று நினைத்திருப்பார்கள்.

எலியேசர் மின்வாரியத்தில் லைன்மேன். கம்பத்தில் ஏறும்போதுகூடப் பாடுகிறவர் என்று ஊரில் சொல்வார்கள், அது உண்மைதான், கல்யாணமான புதிதில் தெருமுனையில் கம்பத்தின்மேல் அவர் பாடுவது அடுப்படிவரைக்கும் கேட்கும். கோயிலில் பாடல் குழுவுக்கு அவர்தான் தலைவர். ஆனால் வயதாக ஆக அவருக்குப் பாட்டு இழுக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு அடியின் கடைசியிலும் அவர் விடமாட்டார், சபையார் அடுத்த அடிக்குப் போய் நின்றுகொண்டு அவருக்காகக் காத்திருப்பார்கள். ஒரு கிறிஸ்துமஸ் ஒத்திகையில் பேச்சு வளர்ந்துவிட்டது. அப்போதிருந்த ஐயர் வெகுளி மனுஷன், எல்லார் முன்னாலும் அவள் பக்கம் திரும்பி, டீச்சர், நீங்கள் பொய் சொல்லமாட்டீர்கள், அண்ணன் இழுக்கிறாரா இல்லையா நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டார். கொஞ்சம் இழுக்கிறாரு என்றாள். அவ்வளவுதான். இழுக்கிறார் என்றுகூடச் சொல்லவில்லை, கொஞ்சம் என்று ஒரு வார்த்தை சேர்த்துத்தான் சொன்னாள். அந்தக் கொஞ்சத்தை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. எலியேசர் பாட்டுப் புத்தகத்தை மூடி பெஞ்சின்மேல் வைத்துவிட்டு இறங்கிப் போனார். அதன்பிறகு கோயிலுக்கு வரவில்லை, அவளோடு பேசவும் இல்லை. அடிக்கவில்லை, திட்டவில்லை, குடிக்கவில்லை. குடித்திருந்தால் நாலு பேர் அவளுக்காகப் பரிந்து பேசியிருப்பார்கள். எமி, உங்கம்மாகிட்ட சட்டை எங்கேன்னு கேளு என்று மகளிடம் சொல்வார், சுகிர்தம் பக்கத்திலேயே நிற்கும்போது. எமி கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போன பிறகு அதற்கும் ஆள் இல்லை. சாம்பாரில் உப்பு இல்லையென்று தெரிகிறது என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். அவள் எழுந்து உப்பு எடுத்துக்கொண்டு வந்து வைப்பாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்து கறி வைத்து அவருக்குப் பரிமாறுவாள். ஒருநாள்கூடத் தவறினதில்லை. தவறினதில்லை என்பதை நினைக்கும்போது முதுகெலும்பு தானாக நிமிரும், இதோ இந்தப் பெஞ்சிலேகூட நிமிர்ந்துகொண்டது.

இன்பசீலன் ஐயர் பேசிக்கொண்டிருந்தார். மெதுவாகத்தான் பேசினார், ஆனால் காது மடல் சிவந்திருந்தது. கை என்று பெரிய ஐயர் சொன்னார், நான் மறுக்கவில்லை, ஆனால் கை நீண்ட பிறகுதான் தீர்ப்பு எழுதப்படும் என்றால் நீட்டின கைக்கும் அதில் ஒரு பங்கு பெருமை வந்துவிடும், விசுவாசமே ஒரு கிரியை ஆகிவிடும், நான் நன்றாக நம்பினேன் அதனால் தப்பித்தேன் என்று மனுஷன் மார்தட்டுவான் என்றார். பெரிய ஐயர் விடவில்லை. அப்படியானால் நரகம் காலியாகத்தான் இருக்கிறதா, எல்லாரும் தப்பித்தார்கள் என்றுதான் உம்முடைய பிரசங்கமா என்று கேட்டார். இல்லை, கேட்காதவன் தன் விடுதலையை அனுபவிக்காமல் சிறையிலேயே கிடந்து சாகலாம், ஆனால் விடுதலை வாசிக்கப்பட்டது நிஜம், அவன் கேட்டதால்தான் அது நிஜமானது என்றில்லை என்றார் இன்பசீலன். அப்போது வேதமாணிக்கம் குறுக்கே புகுந்து, எல்லாருக்கும் முன்னாடியே விடுதலை என்றால் ஞாயிற்றுக்கிழமை எதற்காக மணி அடிக்கவேண்டும், வருகிறவனுக்கும் வராதவனுக்கும் என்ன வித்தியாசம் என்றார். அதைக் கேட்டதும் சுகிர்தத்துக்குத் தலையாட்டத் தோன்றியது, தலை ஆடியும்விட்டது, நல்லவேளை யாரும் பார்க்கவில்லை. வேதமாணிக்கத்தை அவளுக்குப் பிடிக்காது. அன்றைக்கு ஒத்திகையில் இழுக்கிறார் என்று முதலில் ஆரம்பித்தவரே அவர்தான், எலியேசருக்குப் பக்கத்தில் நின்று பாடுகிற கூட்டாளி. ஆனால் இன்றைக்கு அவர் கேட்டது அவள் கேட்கவேண்டிய கேள்வி. வருகிறவளுக்கும் வராதவருக்கும் என்ன வித்தியாசம்? அவள் எத்தனை பேப்பர் திருத்தியிருக்கிறாள். வெற்றுத்தாளை மடித்துக் கொடுத்துவிட்டுப் போகிற பையனுக்கு யாராவது நூறு போடுவார்களா? போட்டால் ராத்திரி கண்விழித்து எழுதின பிள்ளை என்ன நினைக்கும்? அவள் எழுதினாள். சாம்பார் சாம்பாராக, சட்டை சட்டையாக எழுதிக்கொண்டே இருந்தாள். யாரோ மேலே இருந்து பார்க்கிறார்கள், ஒரு வரி விடாமல் திருத்துகிறார்கள் என்ற நம்பிக்கையில்தானே எழுதினாள். அது விசுவாசம் இல்லையா? ஒருவேளை அது விசுவாசமே இல்லையோ. சபையில் முழு அங்கத்தினராகச் சேருவதற்கான திடப்படுத்தல் வகுப்பில், நாம் இரட்சிக்கப்படுவது கிரியைகளினால் அல்ல என்று கைகட்டிக்கொண்டு ஒப்பித்தது அவள்தான், பரிசும் வாங்கினாள். அந்தப் பரிசு ஒரு சின்னச் சிலுவை. ஒப்பித்ததற்குப் பரிசு. அதுவே கிரியைக்குக் கொடுத்ததுதானே என்று இப்போது தோன்றியது. தோன்றியதும் வேறு எதையாவது நினைக்கவேண்டும்போல இருந்தது.

வேறு எதை நினைத்தாலும் அது ஆஸ்பத்திரிக்குத்தான் போய் நின்றது. பக்கவாதம் வந்து அவருக்குப் பேச்சு போய்விட்டது. இனிமேல் பேசுவது கஷ்டம் என்று டாக்டர் அவளைத் தனியாக அழைத்து வருத்தத்தோடு சொன்னபோது, அவர் முன்னாலேயே பேசுகிறதில்லை டாக்டர் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொல்லவில்லை. படுக்கைக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து முகம் துடைத்தாள், கஞ்சி புகட்டினாள். கடைசியாக ஒருநாள் அவர் உதடு அசைந்தது. குனிந்து காதை வைத்தாள். மூச்சுதான் வந்தது, சூடாக, மருந்து நாற்றத்தோடு. தண்ணீரா என்று கேட்டாள். கண் அவள்மேல் இருந்தது, சுவரின்மேல் இல்லை. அவள்மேல்தான். அது உறுதி. ஆனால் அந்தக் கண் என்ன சொன்னது என்று உறுதி இல்லை. தண்ணீர் கொடுத்தாள், குடித்தார். தாகமாகவே இருந்திருக்கலாம். அதைவிட அவளைக் குழப்பியது அவருடைய விரல். வலது கை ஆள்காட்டி விரல் போர்வையின்மேல் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருந்தது, நாள் முழுக்க. நர்ஸ் வந்து பிடித்து நிறுத்துவாள், விட்டதும் மறுபடி ஆடும். நரம்புக் கோளாறு என்றார் டாக்டர். சுகிர்தம் அதையே பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு சமயம் தாளம் மாதிரி இருந்தது, நாலுக்கு நாலு, இரண்டாவது அடியில் கொஞ்சம் தங்கி. எந்தப் பாட்டு என்று மனசுக்குள் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். ஒன்று பொருந்துகிற மாதிரி வரும், அதற்குள் விரல் தாறுமாறாகத் துடித்துத் தப்பிப் போய்விடும். தாளம் என்றால் அது பாட்டு, பாட்டு என்றால் அது ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்றால் விசுவாசம். நரம்பு என்றால் நரம்பு. ஒரு மனுஷனுடைய மோட்சம் ஒரு விரலில் தொங்குமா? தொங்கினால் அது எவ்வளவு பயமான காரியம், அப்படியானால் அவளுடைய மோட்சம் எதில் தொங்குகிறது? சரி, அவர் மோட்சத்தில்தான் இருக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். அவளும் ஒருநாள் போவாள். வாசலில் அவர் எதிரே வந்தால் பேசுவாரா? இல்லை, பக்கத்தில் நிற்கிற தேவதூதனைப் பார்த்து, சுகிர்தம் வந்திருக்கிறாள் என்று தெரிகிறது என்பாரா? அங்கேயும் பாட்டுக் குழு இருக்குமே, அங்கேயும் இழுத்தால் அங்கேயும் அவளைத்தான் கேட்பார்களா? சிரிக்கவேண்டிய எண்ணம்தான். ஆனால் பதில் என்னவாக இருக்கும் என்று அவள் நிஜமாகவே யோசித்தாள்.

"டீச்சரம்மா" என்று பெரிய ஐயர் கூப்பிட்டபோது எழுந்து நிற்கப் போனாள், உட்கார்ந்தே பேசுங்கள் என்றார். அவர் குரல் இப்போது பாடம் நடத்துகிற குரலாக இல்லை, வீட்டுக்கு வந்து துக்கம் விசாரிக்கிற குரலாக இருந்தது. நாங்கள் வாதம் பண்ணிக்கொண்டே இருப்போம், நானூறு ஐநூறு வருஷமாகப் பண்ணுகிறோம் என்றார். பிறகு நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஒரே ஒரு விஷயம்தான் உங்ககிட்ட கேக்கணும். எலியேசர் கடைசி நாள்ல விசுவாசத்துக்கு அடையாளமா எதையாவது காட்டினாரா? ஒரு ஜெபம், ஒரு சைகை இருந்தாக்கூடப் போதும். இருந்துச்சுன்னா இந்த வழக்கே இல்லை."

அவளுக்குப் புரிந்தது. மனுஷன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார். தாளம் போட்டார் என்று அவள் சொன்னால் எலியேசர் விசுவாசி, விசுவாசியைப் பற்றி இன்பசீலன் ஐயர் சொன்னது சரி, வேதமாணிக்கத்துக்குத் தோல்வி இல்லை, எல்லாரும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். சொல்லாவிட்டால் இந்தப் பையனைப் பிரசங்க பீடத்தில் ஏறாதே என்று எங்கேயாவது ஒரு ஆபீஸுக்கு மாற்றிவிடுவார்கள். அவருக்குக் கைக்குழந்தை இருக்கிறது. போனமுறை இந்தக் கோயிலில் அவளை ஒரு கேள்வி கேட்டார்கள், அவள் உள்ளதைச் சொன்னாள், அதற்கு விலையாக இத்தனை வருஷம் புருஷன் பேசாமலே போயிற்று. இந்த முறை இல்லாததைச் சொன்னால் எல்லாருக்கும் நல்லது. எலியேசருக்கும் நல்லது, அதாவது அவருடைய விசுவாசத்தை அவள் தன் கையால் எழுதிக் கொடுத்துவிடலாம், அவருக்குப் பரிமாறுகிற கடைசிச் சாம்பார் மாதிரி. அப்படி நினைத்ததும்தான் அவளுக்கு முடியாது என்று தெரிந்தது. கடைசி நாட்களில் வலது கை விரல் ஆடிக்கொண்டே இருந்தது என்று மட்டும் சொன்னாள்.

"தாளம் மாதிரியா?" இதைக் கேட்டது வேதமாணிக்கம். மடியில் இருந்த துண்டை இறுக்கிப் பிடித்திருந்தார். அவளுக்கு அது ஆச்சரியமாக இருந்தது. இந்த மனுஷன் எலியேசர் பக்கத்தில் நின்று பாதி ஆயுசு பாடியவர், அது தாளமாக இருக்கவேண்டும் என்று அவரும் ஆசைப்படுகிறார் என்று அப்போதுதான் கண்டாள்.

"மாதிரிதான் இருந்திச்சு. டாக்டர் நரம்புன்னாரு. தாளமா நரம்பான்னு எனக்குத் தெரியாது. தெரியும்னு சொன்னா பொய்."

வேதமாணிக்கம் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பெரிய ஐயர், இந்தப் பிரசங்கம் உங்களை ஏதாவது தவறான எண்ணத்துக்கு நடத்தினதா என்று கேட்டார். எனக்கு அது பிடிக்கவில்லை என்றாள். இன்பசீலன் ஐயர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தப்பு என்கிறீர்களா என்று கேட்டார் பெரிய ஐயர். அவள் யோசித்தாள்.

"தப்புன்னு சொல்லலை, பிடிக்கலை. அவருக்கு அப்பவே விடுதலைன்னா நான் இத்தனை வருஷம் பொறுத்துக்கிட்டது எதுக்கு? பரீட்சை எழுதினவளுக்கும் எழுதாதவருக்கும் ஒரே மார்க்கு. குழிகிட்ட நிக்கும்போது எனக்கு அழுகை வரலை ஐயா, கோவம்தான் வந்திச்சு." நிறுத்தினாள். அடுத்ததைச் சொல்லும்வரை அது தனக்குத் தெரியும் என்று அவளுக்கே தெரியாது. "கோவம் வந்திச்சுன்னா, ஐயர் சொன்னது எனக்குச் சரியாத்தான் கேட்டிருக்கு. பொறுத்துப்போனதுக்குத்தான் எனக்கு மோட்சம்னு நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன்."

வெளியே யாரோ ஐஸ் பெட்டியைத் தரையில் இழுத்துக்கொண்டு போனார்கள். பெரிய ஐயர் இன்பசீலனைப் பார்த்து, நீர் என்ன சொல்லுகிறீர் என்றார். அவர் எழுந்து நின்றார். எலியேசர் அண்ணன் விசுவாசித்தாரா என்று எனக்கும் தெரியாது ஐயா, ஆஸ்பத்திரிக்கு மூன்று தடவை போனேன், அவர் கண்ணை மூடிக்கொண்டார், தெரியாததைப் பற்றி நான் ஒன்றும் பேசவில்லை, எது தெரியுமோ அதைச் சொன்னேன் என்றார். பெரிய ஐயர் வேதமாணிக்கத்தை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஜன்னல் வழியே அவர்கள் தலை தெரிந்தது, பேச்சு கேட்கவில்லை. திரும்பி வந்து, பீடத்தை விட்டு நீக்கத் தேவையில்லை, ஆனால் தீர்ப்பைச் சொல்லும்போது அதைக் கேட்டு நம்புகிற காதையும் சேர்த்தே சொல்லவேண்டும், சொல்லாமல் விட்டால் ஜனங்கள் தூங்கிவிடுவார்கள் என்றார். சேர்த்தே சொல்லுகிறேன், ஆனால் காதினால் தீர்ப்பு உண்டாகவில்லை என்பதையும் சொல்லுவேன் என்றார் இன்பசீலன். வழக்கு மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்கும்போல இருந்தது. பெரிய ஐயருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வேதமாணிக்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு இன்னும் சரிப்படவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் துண்டைத் தோளில் போட்டார்.

பாவ அறிக்கை செய்து முடித்துக்கொள்வோம், மன்னிப்பை நீரே கூறும் என்று பெரிய ஐயர் இன்பசீலனிடம் சொன்னார். எல்லாரும் முழங்காலில் நின்றார்கள். சுகிர்தத்துக்கு மூட்டு மடங்காது, பெஞ்சிலேயே முன்னால் சாய்ந்து கண்ணை மூடினாள். அறிக்கையைச் சின்ன வயசிலிருந்து சொல்லிச் சொல்லி வாய் தானாகச் சொன்னது, மனசு எமியிடம் சாயங்காலம் போனில் என்ன சொல்வது என்று போய்விட்டு வந்தது. அப்பாவுக்கு என்ன தீர்ப்பு சொன்னார்கள் என்று கேட்பாள். தெரியாது என்று சொல்லவேண்டும். பிறகு இன்பசீலன் ஐயர் எழுந்து, களைத்துப்போன குரலில், உங்கள் பாவங்களெல்லாம் உங்களுக்கு மன்னிக்கப்பட்டிருக்கின்றன என்று இங்கே இருக்கிற ஒவ்வொருவருக்கும் அறிவிக்கிறேன் என்றார். அவள் உள்ளே தேடிப் பார்த்தாள். கோபம் போயிருக்கிறதா? இல்லை, அப்படியே இருந்தது, சாம்பாரும் சட்டையும் சுவரும் ஒன்றுகூடக் குறையவில்லை. குழியோரத்தில் எலியேசருக்கும் இதைத்தான் சொன்னார்கள், அதே தீர்ப்பு, எனக்கென்று தனியாக ஒன்றும் வைக்கவில்லை. வேதமாணிக்கம் ஆமென் என்றார். பெரிய ஐயர் ஆமென் என்றார். கோபம் தீரட்டும், பிறகு ஆமென் சொல்லலாம் என்று நினைத்தாள். அது தீருவதற்கு எவ்வளவு நாள் ஆகுமோ, அதற்குள் தனக்கே பேச்சு போய்விட்டால்?

ஆமென் என்றாள்.